தெருநாயைத் தூக்கும் முன்: மீட்பு, தொண்டு, தத்து பற்றிப் புதியவர்களுக்கு

நாயை மீட்க முன்வருபவர்களில் பலர் தோற்றுப்போவது அன்பு குறைந்து அல்ல, இடம் இல்லாமல். அடிபட்ட நாயை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்ப்பது இரண்டு மணி நேர வேலை. அதன்பின் வரும் ஆறு வாரம்தான் உண்மையான மீட்பு. தையல் பிரிக்கும்வரை அது எங்கே இருக்கும்? மருந்தை யார் கொடுப்பார்கள்? ஆறியபின் பழைய தெருவுக்கா, புது வீட்டுக்கா? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் தூக்கினால் கடைசியில் அந்த நாய் ஏதாவது ஒரு காப்பகத்தின் வாசலில்தான் நிற்கும். தமிழ்நாட்டில் காலி இடத்தோடு இருக்கும் காப்பகம் அநேகமாகக் கிடையாது. நெரிசலான கூண்டு வரிசையில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். உடைந்த கால் சேர்ந்து, ஒட்டிக்கொண்ட நோயில் நாய் செத்துப்போவது அங்கே புதிதல்ல.

சென்னையையும் தமிழ்நாட்டின் பிற ஊர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதலில் உங்களுக்கு ஊசி

நாய்களோடு வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் கடி வாங்கும் முன்பே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். 0, 7 ஆம் நாட்களிலும், 21 அல்லது 28 ஆம் நாளிலும் ஆக மூன்று ஊசி. இதைப் போட்டுக்கொண்டவருக்குப் பிறகு கடி பட்டால் 0, 3 ஆம் நாட்களில் இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்பு மருந்து தேவைப்படாது. போடாதவர் ரத்தம் வரக் கடிபட்டால் முழு ஊசி வரிசையோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் செலுத்த வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையென்றால் 0, 3, 7, 28 ஆம் நாட்கள்.

எந்தக் கடியானாலும் முதல் வேலை, குழாயைத் திறந்துவிட்டு ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவுவது. கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். வைரஸைக் காயத்திலேயே குறைப்பதில் இதற்கு இணையான வேறொன்று வீட்டில் இல்லை. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் வைக்கக்கூடாது. அவை காயத்தைக் கிளறி எரிச்சலைக் கூட்டும், கழுவியதையும் வீணாக்கும். கடித்தது குட்டி என்றோ தெரிந்த நாய் என்றோ ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நாயைப் பத்து நாள் கண்காணிப்பது ஊசியோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, ஊசிக்குப் பதிலாக அல்ல. டெட்டனஸுக்கான டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுக்க வேண்டிய நாயா?

பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஒல்லியாக இருக்கிறது, தெருவில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் மீட்கக் காரணமல்ல. தனக்கென ஒரு எல்லை, தெரிந்த நாலு வீடு, வேளைக்கு ஏதோ சோறு என்று இருக்கும் நாய் நன்றாகத்தான் வாழ்கிறது. காதில் சிறு வெட்டு தெரிந்தால் அது கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடப்பட்டது என்று அடையாளம். பழைய முறிவு தானாகக் கூடி, நொண்டியபடியே ஓடியாடும் நாயைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது அதற்குச் செய்யும் கெடுதல்.

குட்டிகள் தனியாகக் கிடந்தால் தாய் இரை தேடிப் போயிருக்கும். ஒரு மணி நேரம் தூரத்திலிருந்து பாருங்கள். வயிறு உப்பி, கதகதப்பாக, ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது. எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். பாலோடு நோய் எதிர்ப்பும், எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற அளவும் குட்டிக்கு அங்கேதான் கிடைக்கின்றன. சீக்கிரம் பிரித்த குட்டிதான் பின்னால் “கடிக்கிறது” என்று திருப்பித் தரப்படுகிறது.

உடனே எடுக்க வேண்டியவை: வண்டியில் அடிபட்டவை, புழு வைத்த புண் உள்ளவை, ரத்தபேதியாகும் குட்டிகள், எழ முடியாமல் கிடப்பவை, கழுத்தில் கம்பியோ பிளாஸ்டிக் ஜாடியோ மாட்டிக்கொண்டவை, கண்ணில் காயம்பட்டவை. அப்புறம், வீட்டு நாய்கள். கழுத்துப்பட்டைத் தழும்போடு, போகிற வண்டியையெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஒரே முனையில் நிற்கும் லாப்ரடாரையோ பக்கையோ கண்டால் காத்திருக்க வேண்டாம். தெருவில் வாழத் தெரியாதது அது. அந்தத் தெருவின் நாய்கள் விரட்டும், தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றும் தெரியாது. முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று மருத்துவமனையில் கருவியால் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். விட்டுவிட்டுப் போனதாக நினைத்தது தொலைந்த நாயாகவும் இருக்கலாம்.

தொடவே கூடாத நாயும் உண்டு. தாடை தொங்கி எச்சில் ஒழுகுவது, குரைப்புக் குரல் மாறிக் கம்முவது, விழுங்க முடியாமல் திணறுவது, பின்னங்கால் தள்ளாடுவது, கல்லையும் கட்டையையும் கடிப்பது, காரணமின்றிப் பாய்வது ஆகியவை வெறிநோயின் அடையாளங்கள். எலும்பு தொண்டையில் சிக்கியதாக நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்கள் பலர். அதைச் செய்யாதீர்கள். டிஸ்டெம்பரும் ஏறக்குறைய இப்படித் தெரியும். கண்ணிலும் மூக்கிலும் சீழ், ஒரு காலோ தாடையோ விடாமல் வெட்டிவெட்டித் துடிப்பது இருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டையும் பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. மக்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழையுங்கள். பிற ஊர்களில் நகராட்சி அலுவலகமும் கால்நடை மருத்துவமனையும்.

பிடிப்பது

தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேர் அவசியம், மூன்று பேர் நல்லது. பையில் இருக்க வேண்டியவை: தலை வழியாகப் போட்டு இழுத்தால் இறுகும் துணி நாடா லீஷ் ஒன்று, இரண்டு பழைய போர்வை, நாலு அடி நீளத் துணிப்பட்டை, தடித்த துண்டு, கையுறை, தண்ணீர், வேகவைத்த கோழி ஈரல். ஈரலின் வாசனைக்கு வராத நாய் குறைவு. பிஸ்கட்டை நம்பிப் போகாதீர்கள், வலியில் இருக்கும் நாய் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

நேராக நடந்து போய்க் குனியக்கூடாது. பக்கவாட்டில், கண்ணைப் பார்க்காமல், உட்கார்ந்தபடி நகருங்கள். ஓட வழியுள்ள இடத்தில் துரத்தினால் அடிபட்ட நாய் சாலைக்குள்தான் பாயும். எனவே மற்ற இருவரும் சாலைப் பக்கத்தை அடைத்து நிற்க வேண்டும். சுவரோரமோ நிறுத்திய வண்டிகளுக்கு இடையிலோ ஒதுங்கியபின் போர்வையை விரித்துத் தலையோடு மூடுங்கள். கண் மறைந்தால் பெரும்பாலான நாய்கள் அடங்கிவிடும். கம்பிச் சுருக்கு, சைக்கிள் டியூப், வெறும் கயிறு எதுவும் வேண்டாம்.

எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். துணிப்பட்டையில் ஒரு வளையம் போட்டு மூக்குத்தண்டின் மேல் இறுக்கி, முனைகளைத் தாடைக்கடியில் ஒருமுறை குறுக்கே போட்டு, காதுகளுக்குப் பின்னால் இழுத்துவாங்கும் முடிச்சாகக் கட்டினால் வாய்க்கட்டு தயார். காதுக்குப் பின்னால் கட்டாவிட்டால் முன்னங்காலால் ஒரே தள்ளில் கழற்றிவிடும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சு வாங்கும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்குக்கும் கட்டவே கூடாது. மற்றவற்றுக்கும் சில நிமிடம்தான். நாய் வாய் திறந்து இளைத்துத்தான் உடல் வெப்பத்தைக் குறைக்கிறது. மே மாத வெயிலில் வாயைக் கட்டியே மருத்துவமனைவரை கொண்டுபோனால் காயத்தால் அல்ல, வெப்பத்தால் சாகும்.

பின்னங்கால்கள் இழுபட்டால் முதுகெலும்பில் அடியென்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்காமல், பக்கத்தில் பலகையோ கெட்டியான அட்டையோ வைத்து, தோலும் போர்வையுமாகச் சேர்த்துப் பிடித்து அதன்மேல் இழுத்து நகர்த்துங்கள். ரத்தம் பீறிட்டால் மடித்த துணியை ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள். நின்றதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதுவும் வேண்டாம். இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கிளம்பும் முன் எடுத்த இடத்தைத் தெருப்பெயரோடும் அடையாளத்தோடும் எழுதிப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறியபின் அதே இடத்தில்தான் விட வேண்டும். இரண்டு தெரு தள்ளி விட்டால்கூட அங்குள்ள நாய்கள் கடித்துக் குதறும். சென்னையில் கிண்டியில் உள்ள ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பும், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எல்லோரும் போகும் இடங்கள். நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனை. அங்கே புறநோயாளிப் பிரிவு காலையில்தான் மும்முரமாக நடக்கும் என்பதால் முடிந்தவரை முற்பகலில் போய்விடுங்கள். 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண் முதன்மையாக மாடு ஆடுகளுக்கானது. கிராமப்புறத்தில் வேறு வழியில்லாதபோது கேட்டுப் பார்க்கலாம்.

அடிக்கடி எதிர்ப்படும் நான்கு

புழுப்புண்தான் புதியவர்களை அதிகம் மிரட்டும். ஆனால் சரியாகச் செய்தால் பெரும்பாலும் பிழைக்கும். காதின் உள்பக்கம், பிடரி, வாலடி போன்ற நாயின் நாக்கு எட்டாத இடங்களில் ஈ முட்டையிடுகிறது. ஒரு நாளுக்குள் பொரிந்து சதையைத் தின்றுகொண்டே உள்ளே போகிறது. வெளியே ஐந்து ரூபாய் நாணயம் அளவு தெரிந்தால் உள்ளே அதைப்போல் பலமடங்கு குடைந்திருக்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது புழுவோடு உயிருள்ள சதையையும் வேகவைக்கும், நக்கினால் குடலுக்கும் போகும்.

செய்ய வேண்டியது இது. புண்ணைச் சுற்றி இரண்டு விரற்கடை முடியை வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஈ திரும்ப அங்கேயே முட்டையிடும். சலைன் (உப்பு நீர்க் கரைசல்) கொண்டு கழுவுங்கள். போவிடோன் அயோடினைக் கலப்பதென்றால் இளம் தேநீர் நிறம் வரும்வரை நீர் சேர்த்துத்தான். புழு வால்முனையால் சுவாசிப்பதால், மேலே தெரிவது அதன் பின்பக்கம். கிருமிநாசினிப் பொடியோ புழுவுக்கான ஸ்பிரேயோ போட்டுச் சில நிமிடம் விட்டால் மூச்சுக்காக மேலேறி வரும், அப்போது மழுங்கிய இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். கால்நடைக் கடைகளில் கிடைக்கும் நெகாசன்ட் பொடி நன்றாக வேலை செய்யும், ஆனால் பூச்சிக்கொல்லி கலந்தது. மெல்லத் தூவினால் போதும், குழியை நிரப்பக்கூடாது. கண்ணருகிலும் சிறு குட்டிகளுக்கும் கூடவே கூடாது. நக்க முடிகிற இடமென்றால் கழுத்துக் கூம்பு மாட்டுங்கள். ஒரே நாளில் முடியாது. தினமும் திறந்து, கழுவி, தேடி, தொடர்ந்து இரண்டு நாள் ஒரு புழுவும் இல்லையென்று ஆனபின்தான் புண் ஆறத் தொடங்குகிறது. முதல் நாளே தையல் போட்டு மூடச் சொல்லாதீர்கள், உள்ளே ஒன்று மிஞ்சினாலும் கெட்டுப்போகும். பிடிக்கவே முடியாத நாயென்றால் எடையைக் கணித்து மருத்துவரிடம் கேளுங்கள். உணவில் வைத்துக் கொடுக்கும் மாத்திரைகள் உண்டு.

சொறி பார்க்கக் கோரமாக இருக்கும், ஆனால் குணமாவது எளிது. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து எந்த வகைப் பூச்சி என்று தெரிந்துகொண்டபின் மருந்து. இப்போது மாதமொரு முறையோ மூன்று மாதத்துக்கொரு முறையோ கொடுக்கும் மாத்திரைகளே பெரும்பாலும் போதும். வலிப்பு வரும் நாய் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐவர்மெக்டினை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மாட்டுக்கான மருந்தை நாய்க்கு அளக்கும்போது ஒரு புள்ளி தவறினாலும் நரம்பு பாதிக்கும். கோலி போன்ற மேய்ப்பு இனங்களுக்குச் சரியான அளவே நஞ்சாகலாம். சில சொறி மனிதருக்கும் ஒட்டும், ஆகவே கையுறை.

பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும் நாயைப் பலரும் சூடு வந்திருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். வாரக்கணக்கில் நிற்காமல் வந்தாலோ, ஆண் நாயாக இருந்தாலோ, அது இணைசேர்வதால் தொற்றும் கட்டியாக இருக்கலாம். உயிரணுவே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வளரும் விசித்திரமான புற்று இது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வின்கிரிஸ்டின் என்ற புற்று மருந்து ஊசி வாரம் ஒன்றாகப் பெரும்பாலும் நாலு முதல் ஆறு போட்டால் முற்றிலும் கரைந்துவிடும். தவறு நடப்பது மூன்றாவது ஊசியில்தான். ரத்தம் நின்றதும் நாயை விட்டுவிடுகிறார்கள், கட்டி திரும்ப வருகிறது. ஊசி நாட்களில் அதன் சிறுநீரிலும் மலத்திலும் மருந்து இருக்கும், கர்ப்பிணிகள் சுத்தம் செய்யக்கூடாது.

உண்ணிக் காய்ச்சலுக்கு ஈறு வெளுப்பு, சோர்வு, மூக்கில் ரத்தம் ஆகியவை அடையாளம். ரத்தப் பரிசோதனை செய்து டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்கினால் நாலு வாரமும் முடிக்க வேண்டும், உணவோடு.

வீட்டில் தற்காலிகமாக வைத்துக்கொள்வது

மீட்பில் எப்போதும் ஆள் பற்றாக்குறை இங்கேதான். ஒரு குளியலறையும் இரண்டு வாரப் பொறுமையும் உள்ளவர் ஒரு நாயின் உயிரைக் காப்பாற்றலாம்.

தெருவிலிருந்து வந்தது, வீட்டிலுள்ள நாயோடு 14 நாள் சேரக்கூடாது. தனி அறை, தனிக் கிண்ணம், தனிச் செருப்பு. பார்வோ வந்த குட்டி தரையைத் தொட்டிருந்தால் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்த வைரஸுக்குப் பினாயில் ஒரு பொருட்டல்ல, மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். முதலில் சோப்பால் அழுக்கை முழுக்கக் கழுவி எடுங்கள். பிறகு ஒரு பங்கு வெள்ளை ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஈரமாகவே இருக்க விடுங்கள். அழுக்கின்மேல் ஊற்றிய ப்ளீச் வீண். மண் தரையையும் பாயையும் இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அந்த இடத்துக்குத் தடுப்பூசி முடியாத வேறு குட்டியைக் கொண்டுவராமல் இருப்பதே வழி.

எலும்பும் தோலுமான நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையச் சோறு போடுவது நல்லெண்ணத்தில் செய்யும் கொலை. நெடுநாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென்று போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகலாம். பத்து கிலோ நாய்க்கு ஓய்விலேயே நாளொன்றுக்கு ஏறக்குறைய 400 கலோரி வேண்டும். முதல் நாள் அதில் கால் பங்கு, அதாவது தோல் நீக்கி வேகவைத்த கோழி 60 கிராம் அளவு, நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நாலைந்து நாளில் மெல்ல மெல்ல முழு அளவுக்கு ஏற்றுங்கள். பால் வேண்டாம், வளர்ந்த நாய்களில் பலவற்றுக்குப் பேதியாகும். வெங்காயம் சேர்த்த குழம்புச் சோறும், வெந்த எலும்பும் வேண்டாம்.

தாயற்ற பச்சைக் குட்டிகள் தனிக் கலை. குட்டி தொட்டால் ஜில்லென்று இருந்தால் பால் கொடுக்காதீர்கள். முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலின் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். குளிர்ந்த குட்டியின் குடல் அசையாது, பால் உள்ளேயே கெடும். பிறகு நாய்க்குட்டிப் பால்பவுடர், இரண்டு மூன்று மணிக்கொரு முறை, இரவிலும். குழந்தையைப்போல் மல்லாத்தாமல் குப்புற வைத்தே புகட்டுங்கள், மல்லாத்தினால் புரையேறி நிமோனியா வரும். ஒவ்வொரு முறையும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவினால்தான் சிறுநீரும் மலமும் போகும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நாலு வாரத்துக்கொரு முறை. வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். வரிசை முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.

காப்பகத்தில் தொண்டு

போனதும் நாயைக் கொஞ்சலாம் என்று வருபவர் மூன்றாவது வாரம் வருவதில்லை. அங்கே தேவைப்படுவது கிண்ணம் கழுவ, துணி துவைக்க, கூண்டு கழுவ, தத்துக்கு நல்ல படம் எடுக்க, தொலைபேசி எடுக்க, மருத்துவமனைக்கு வண்டி ஓட்ட ஆள். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே இரண்டு மணி நேரம் என்று சொல்லி, சொன்னபடி போங்கள். எப்போதாவது வரும் பத்துப் பேரைவிட அப்படி ஒருவர் மேல். நுழையும் வரிசையில் கவனம் வேண்டும்: முதலில் குட்டிகள், அப்புறம் ஆரோக்கியமான பெரியவை, கடைசியில் நோய்ப்பிரிவு. அங்கிருந்து திரும்ப முன்னால் வரக்கூடாது. வீட்டுக்குப் போனதும் உடையை மாற்றிக்கொண்டுதான் உங்கள் நாயைத் தொட வேண்டும்.

உங்கள் தெருவிலேயே செய்யக்கூடியதும் அதைவிடப் பெரியதும் கருத்தடைக்கு உதவுவது. இந்த வேலைக்குச் சென்னையில் நீண்ட வரலாறு உண்டு. 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் 1960களிலேயே கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று பேசியது. 1990களில்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. இன்று நாடு முழுதும் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் இருக்கின்றன. தெருவின் எல்லா நாய்களையும் படமெடுத்து, ஆண், பெண், காது வெட்டு என்று பட்டியல் போட்டு, மாநகராட்சி வண்டி வரும் நாளில் நீங்களே கூட நின்று பிடித்துக் கொடுங்கள். பால் கொடுக்கும் தாயை அனுப்பாதீர்கள், குட்டிகள் செத்துப்போகும். அறுவைக்கு முந்தைய இரவு சோறு வைப்பவர்கள் எல்லோரிடமும் சொல்லி நிறுத்துங்கள். வயிற்றில் உணவோடு மயக்கம் கொடுத்தால் வாந்தி நுரையீரலுக்குப் போகும். தடுப்பூசியில் 70 விழுக்காடு நாய்களை எட்டினால்தான் அந்தப் பகுதியில் வெறிநோய்ச் சங்கிலி அறும். ஒன்றிரண்டு சாது நாய்களுக்கு மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவதில் பலனில்லை.

சோறு வைப்பவர்கள் இன்றைய சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை எடுத்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது, உணவை உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. நவம்பர் 7 ஆணை பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களின் நாய்களை அங்கே திரும்ப விடக்கூடாது என்கிறது. வழக்கு நகர நகர நிலை மாறும் என்பதால் வார்டு அலுவலகத்தில் கேட்டு, இடத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் ஆகியவற்றைத் தவிர்த்து, ஒரே நேரத்தில் வைத்து, இருபது நிமிடத்தில் மிச்சத்தை அள்ளிவிடுங்கள். நாயை வெறுக்கும் அண்டை வீட்டாரில் பாதிப்பேர் உண்மையில் வெறுப்பது நாறும் சோற்றுத்தாளை.

கொடுமை நடந்தால்

நாயை அடித்ததற்கு வழக்குப் போட முடியாது என்று காவல் நிலையத்தில் சொன்னால், அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேலின் முயற்சியால் வந்த 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் பிரிவு 11 அடிப்பது, பட்டினி போடுவது, குட்டைச் சங்கிலியில் கட்டியே வைப்பது, கைவிடுவது எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். பெரும்பாலான உட்பிரிவுகளில் காவல்துறை தானாக நடவடிக்கை எடுக்கவும் முடியாது. ஆகவே கொன்றதோ, விஷம் வைத்ததோ, ஊனமாக்கியதோ என்றால் மனுவில், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 325ஐ எழுதுங்கள். ஐந்தாண்டுவரை சிறை, காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம்.

மனு ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: நாள், நேரம், இடம், யார் என்ன செய்தார், கண்டவர் யார். ஆத்திரத்தை எழுதாதீர்கள், கண்டதை மட்டும் எழுதுங்கள். காணொளியை வெட்டாமல் மூலப் பதிவாகவே வைத்திருங்கள், வாட்ஸப்பில் போய்வந்தது தரம் குறைந்து நேரக் குறிப்பையும் இழந்திருக்கும். கடைக்காரரின் சிசிடிவி சில நாட்களில் அழிந்துவிடும், முதல் நாளே கேளுங்கள். மருத்துவரிடம் காயச் சான்று வாங்குங்கள். மனு கொடுத்தால் அதைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

நாய் இறந்திருந்தால் புதைக்கும் அவசரம் வேண்டாம். காவல்துறை கடிதத்தோடு அரசு கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதுவரை பனிக்கட்டிகளுக்கு நடுவே குளிர்ச்சியாக வையுங்கள், உறையவிட வேண்டாம். உறைந்தால் திசுக்கள் சிதைந்துவிடும். விஷம் என்ற சந்தேகத்தில் வாந்தியையும் மிஞ்சிய உணவையும் கையுறையோடு தனித்தனிப் பையில் எடுத்துப் போலீசாரிடம் ஒப்படையுங்கள்.

கட்டிப்போட்டுக் கொடுமைப்படுத்தும் வீட்டிலிருந்து நாயை நீங்களாக அவிழ்த்துக்கொண்டு வராதீர்கள். திருட்டு வழக்கு உங்கள்மேல் வரும், நாய் திரும்ப அங்கேயே போகும். பல நேரம் முதலில் பேசிப் பார்ப்பதே பலிக்கும். வளர்க்க முடியாமல் தவிப்பவர், விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். அந்தத் தாளை வாங்காமல் நாயை வாங்காதீர்கள்.

தத்து

ஆறியபின் தெருவுக்குத் திரும்பக் கூடியதைத் திருப்பி விடுங்கள். வீடு தேட வேண்டியது குட்டிகளுக்கும், கைவிடப்பட்ட வீட்டு நாய்களுக்கும், கண்ணோ காலோ இழந்தவற்றுக்கும்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் கண்டிப்பு வேண்டும், அதே சமயம் கேள்விக் கணையால் நல்ல வீட்டை விரட்டவும் கூடாது. நான்கு கேள்விகள் பெரும்பாலும் எல்லாவற்றையும் காட்டிவிடும். வீட்டில் யாருக்கு இதில் விருப்பமில்லை? வாடகை வீடென்றால் உரிமையாளர் சம்மதம் உண்டா? பகலில் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள்? “காவலுக்கு வேண்டும், மாடியில் கட்டிவைப்போம்” என்பவருக்குக் கொடுக்காதீர்கள். பிறந்தநாள் பரிசாகக் கேட்பவருக்கும் வேண்டாம். ஒருமுறையாவது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பால்கனிக் கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்துவிடுமா, கேட்டுக்கு அடியில் சந்து இருக்கிறதா என்பதை நேரில்தான் பார்க்க முடியும்.

எடுப்பவருக்கும் ஒரு வார்த்தை. நாட்டு நாய்க்குட்டி நம் வெயிலுக்கும் நம் சோற்றுக்கும் பொருந்தியது. நேரம் குறைந்தவர் குட்டியைவிட இரண்டு மூன்று வயது நாயை எடுப்பது நல்லது, குணம் முன்னாலேயே தெரியும், கடித்துக் குதறும் பருவமும் தாண்டியிருக்கும். முதல் மூன்று நாள் கட்டிலுக்கடியில் ஒளியும், சாப்பிடாது. மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பிடிபடும். மூன்று மாதத்தில்தான் உங்கள் வீட்டு நாயாகும். இரண்டாம் நாள் “என்னோடு ஒட்டவில்லை” என்று திருப்பித் தருவது அநியாயம். அதேபோல் முதல் நாளே சொந்தபந்தங்களை அழைத்துக் காட்டாதீர்கள்.

தத்துப் போன நாய்கள் தொலைவது பெரும்பாலும் முதல் சில நாட்களில், திறந்த கதவு வழியாக. அந்த நாட்கள் கழியும்வரை வீட்டுக்குள்ளேயும் கழுத்துப்பட்டை, வெளியே போகும்போது கழுத்துப்பட்டையோடு மார்புப்பட்டையும், இரண்டு லீஷ். பயந்த நாய் பின்னுக்கு இழுத்தால் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடும். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் நாயைப் புது வீட்டுக்கு அனுப்பாதீர்கள், வெடிச்சத்தத்தில் ஓடினால் திரும்பிவரத் தெரியாது.

கொடுக்கும்போது கூடவே போக வேண்டியவை: தடுப்பூசி அட்டை, குடற்புழு மருந்து தேதிகள், மருத்துவச் சீட்டுகள், கருத்தடைச் சான்று. வயது வராத குட்டியென்றால் எந்த மாதம் கருத்தடை என்று ஒப்பந்தத்தில் எழுதி, அந்த மாதம் நீங்களே தொலைபேசியில் கேளுங்கள். இதை விட்டால் நீங்கள் மீட்ட ஒன்று அடுத்த ஆண்டு ஆறு குட்டியாகத் தெருவுக்கு வரும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், முதல் மாதத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் நாயை உங்களிடமே திருப்பித் தர வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக்கூடாது என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அப்படித் திரும்பி வந்தால் கடிந்து பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்தவர் உங்களை அழைக்காமல் பைபாஸ் சாலையில் இறக்கிவிட்டுப் போவார்.